போர் தண்ணியும் ஆத்துத் தண்ணியும்: கம்பம் பள்ளத்தாக்கில் குட்டி போடும் கலர் மீன்கள்

கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட் டெயில் ஆகிய நான்கும் முட்டையிடாமல் குட்டி போடும் நன்னீர் மீன்கள். வீட்டுத் தொட்டியில் கூட்டமாக வளர்க்க இவற்றைவிடத் தோதான மீன்கள் அதிகம் இல்லை. நிறம் உண்டு, சண்டை குறைவு, விலையும் கைக்கு அடக்கம். ஆனாலும் வாங்கிப்போன ஒரு வாரத்தில் செத்துப்போவதாக அதிகம் பேர் குறைப்படுவதும் இவற்றைப் பற்றித்தான். பெரும்பாலும் அதற்குக் காரணம் மீன் இல்லை, தண்ணீர். தேனி முதல் கூடலூர் வரை, ஒரே தெருவில்கூட ஆத்துத் தண்ணி, போர் தண்ணி என்று இரண்டு விதமான தண்ணீர் புழங்குகிறது. தன் வீட்டுத் தண்ணீர் எது என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற மீனை வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

நான்கும் பொசிலிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கப்பியின் சொந்த மண் தென் அமெரிக்காவின் வடகிழக்கு மூலை: வெனிசுலா, கயானா, அவற்றை ஒட்டிய டிரினிடாட் தீவு. மோலி, பிளாட்டி, ஸ்வார்ட் டெயில் மூன்றும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து மீன்கள். மோலியில் பெரிய வகை ஒன்று, மெக்சிகோவின் யுகாட்டான் தீபகற்பத்தில், சுண்ணாம்புப் பாறை நிறைந்த கடலோரத்தில், உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் வாழ்கிறது. கடைத் தொட்டியில் நிற்கும் மோலிக்குப் பல தலைமுறை பண்ணை வாழ்க்கை ஆகியிருக்கலாம். ஆனாலும் அதன் உடம்பு கேட்பது அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரைத்தான்.

இரண்டு தண்ணீர்

பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே கேரளத்துக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய மழைநீர் அன்றிலிருந்து சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. அங்கிருந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று முல்லைப் பெரியாறாக வந்து வைகையில் சேர்கிறது. காட்டில் பெய்து கடினப் பாறைமேல் வழிந்து வரும் தண்ணீர் என்பதால் இதில் கால்சியமும் மெக்னீசியமும் குறைவு. சோப்புப் போட்டால் உடனே நுரை வரும், பருப்பு சீக்கிரம் வேகும். ஆற்றங்கரை ஊர்களில் குடிநீர்க் குழாயில் வருவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான்.

போர் தண்ணீரின் குணம் வேறு. பாறை இடுக்குகளில் வெகுநாள் தங்கியிருக்கும் நிலத்தடி நீர், பாறையிலிருந்து உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. ஆற்றை விட்டு விலகிய மேட்டு நிலங்களிலும் ஆண்டிபட்டிப் பக்கத்திலும் இது நன்றாகவே தெரியும். வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளைக் காரை படியும், குழாய் வாயில் உப்புப் பூக்கும், தலைக்குக் குளித்தால் முடி சிக்குப் பிடிக்கும். வீட்டுக்காரர்கள் சலித்துக்கொள்ளும் இந்தத் தண்ணீர்தான் குட்டி போடும் மீன்களுக்குப் பிடித்த தண்ணீர்.

இதை எண்ணாகச் சொல்லவும் முடியும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி, கடினத்தன்மை, அதாவது தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம். இந்த மீன்கள் சுகமாக இருப்பது ஏறத்தாழ 180 முதல் 450 வரை. அதாவது, மனிதர் குடிக்கச் சற்றுக் கனமாக உணரத் தொடங்கும் இடம் இவற்றுக்குச் சரியான இடம். பி.எச். அளவு 7க்கும் 8.2க்கும் நடுவில் இருக்க வேண்டும். போர் தண்ணீர் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே நிற்கும். ஆர்.ஓ. மெஷின் சர்வீஸுக்கு வருபவர் கையில் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். அது கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டுமே ஒழிய, கடினத்தன்மையைத் தனியே காட்டாது. இருந்தாலும் வீட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் என்று அறிய அது போதும். 100க்குக் கீழே காட்டினால் மென்னீர், 400, 500 என்று காட்டினால் அநேகமாகக் கடின நீர். ஆயிரத்தைத் தாண்டினால் அதில் என்ன உப்பு இருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்துவிட்டு மீன் விடுவது நல்லது.

‘மீனுக்கு நல்ல தண்ணி வேணும்’ என்று ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஊற்றுவது பலரிடம் உள்ள பழக்கம். அன்பினால் செய்வதுதான், ஆனால் மீனுக்கு அது கேடு. உப்பு நீக்கிய தண்ணீரில் மோலி முதலில் நிலைகொள்ளாது. ஓர் இடத்திலேயே நின்றபடி உடம்பை இடமும் வலமும் நடுக்கிக்கொண்டிருக்கும். நீந்துவது போலத் தெரியும், ஆனால் ஓர் அங்குலம்கூட நகராது. துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்திருக்கும். இரண்டு நாள் கழித்து நீர்மட்டத்தில் தொங்கும். இதற்கு மருந்து வாங்கி ஊற்றிப் பயனில்லை, தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும்.

ஆத்துத் தண்ணி மட்டுமே கிடைக்கும் வீட்டுக்காரர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. உடைத்த கிளிஞ்சலை, அதாவது கோழித் தீவனத்தில் கலக்கும் சிப்பி ஓட்டை, நன்றாகக் கழுவி ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வைத்தால், அது மெல்லக் கரைந்து கடினத்தன்மையைக் கூட்டும். தண்ணீர் அமிலப் பக்கம் சாயும்போது அதிகமாகக் கரையும், காரமாகும்போது கரைவது குறையும். தன்னைத்தானே அளந்துகொள்ளும் இந்தக் குணத்தால், கையால் அளந்து போடும் பொடிகளைவிடக் கிளிஞ்சலே பாதுகாப்பானது. மோலிக்கு இதோடு லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பும் சேர்க்கலாம். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் மோலியை விட்டுவிட்டுக் கப்பியும் பிளாட்டியும் வைக்கலாம். நான்கில் மென்னீரைக் கொஞ்சம் பொறுத்துப்போகிறவை அவை இரண்டும்தான்.

இரண்டு தண்ணீருக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலமான டப்பில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் போய்விடும். அவசரத்துக்கு, கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் சொட்டு மருந்து உண்டு. போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் ஆழத்திலிருந்து வருவதால் உயிர்வளி குறைவு. அதையும் ஓர் இரவு காற்றாட வைத்து ஊற்றுவதே முறை.

தொட்டியும் அதன் முதல் மாதமும்

இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரத் தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். மணலும் காலியிடமும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். கப்பியும் பிளாட்டியும் வளர்க்க இது போதும். மோலியும் ஸ்வார்ட் டெயிலும் வேண்டும் என்றால் மூன்று அடித் தொட்டிக்குப் போக வேண்டும். ஆண் கப்பி 3 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். நன்றாக வளர்ந்த ஸ்வார்ட் டெயில், வாலில் வாள் போல நீளும் பகுதியை விட்டுவிட்டுப் பார்த்தாலே 10 சென்டிமீட்டர் வரும். உருண்டைக் கண்ணாடிக் குடுவை இவற்றில் எதற்கும் ஆகாது. நிரம்பிய இரண்டடித் தொட்டி 60 கிலோவுக்கு மேல் கனக்கும். ஹாலில் பதித்த கடப்பா கல் மேடை அதைத் தாங்கும், டி.வி. ஸ்டாண்ட் தாங்காது. அடியில் தெர்மாகோல் ஷீட் ஒன்று விரிப்பது கட்டாயம். தளம் சிறிது கோணினாலும் கண்ணாடி விரிசல் விடும்.

தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்குவதுதான் அதிக மீன்களைக் கொல்லும் வழக்கம். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் ஓரளவுக்குத் தீங்கில்லாதது. இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஏற்கெனவே மீன் வளர்ப்பவர் வீட்டிலிருந்து பழைய பஞ்சு ஒரு துண்டு வாங்கிப் போட்டால் காலம் குறையும்.

போர் தண்ணீர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று மீனைக் கொல்லும், மற்றொன்று அவ்வளவாகக் கொல்லாது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் கொல்லும் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டுகிறது. வெயில் ஏற ஏற அது இன்னும் கூடும். ஆகவே, கடின நீர் இந்த மீன்களுக்கு உகந்தது என்பது எவ்வளவு உண்மையோ, அந்த நீரில் கூட்டம் அதிகமானால் ஆபத்தும் பல மடங்கு என்பது அவ்வளவு உண்மை. மென்னீர்த் தொட்டியில் தப்பிப் பிழைக்கும் கூட்டம் போர் தண்ணீர்த் தொட்டியில் ஒரே இரவில் முடிந்துவிடலாம். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுவதும், ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசாமல் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுவதும் இந்த ஊருக்கு மிக முக்கியம்.

ஃபில்டரில் ஏர் மோட்டாரோடு இணைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டரே சிறந்தது. வேகமாக இழுக்கும் பவர் ஃபில்டர் குட்டிகளையும் உள்ளே இழுத்துவிடும்.

சென்னை கொளத்தூர் தமிழ்நாட்டுக் கலர் மீன் வணிகத்தின் மையம். அது போன்ற தொலைவிலிருந்து உயிர்வளி அடைத்த பையில் இரவெல்லாம் பயணப்பட்டு வந்த மீனை உடனே கொட்டவும் கூடாது, வெகுநேரம் பையில் வைத்திருக்கவும் கூடாது. மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு பி.எச்.சைத் தாழ்த்தி வைத்திருப்பதால் அம்மோனியா அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் பி.எச். ஏறும், விஷமும் ஏறும். பையை மூடியபடியே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, பிறகு திறந்து, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, அரை மணிக்குள் வலையால் மீனை மட்டும் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

யாரோடு யார்

நான்கு வகையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். தொல்லை கொடுப்பது ஆண்களின் ஓயாத துரத்தல்தான். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்ற விகிதத்தில் வைத்தால் ஒரே பெண் துரத்தப்பட்டுக் களைத்துச் சாகாது. ஆணை அடையாளம் காண நிறத்தைவிட வயிற்றுக்கடியிலுள்ள துடுப்பே நிச்சயம். பெண்ணுக்கு அது விசிறி போல விரிந்திருக்கும், ஆணுக்குக் குச்சி போல ஒடுங்கிப் பின்னோக்கி நீண்டிருக்கும். ஆண் ஸ்வார்ட் டெயில்கள் இரண்டு மட்டும் இருந்தால் ஒன்று மற்றதை மூலைக்குத் தள்ளிவிடும். ஒன்று, அல்லது நான்கைந்து என்று வைப்பதே அமைதி. ஸ்வார்ட் டெயில் துள்ளிக் குதிக்கும் மீன் என்பதால் மூடி இல்லாத தொட்டியில் விடவே கூடாது.

வெளி மீன்களில் ஜீப்ரா டேனியோ நல்ல துணை. அடித்தளத்துக்கு, மெல்லிய ஆற்றுமணல் பரப்பிய தொட்டியில் அயிரையை விட்டுப் பார்க்கலாம். மதுரை, தேனி வட்டாரத்தில் குழம்புக்குப் பேர் போன அதே அயிரைதான். மணலில் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு மீசையால் துழாவித் துழாவி மிச்சத் தீனியைப் பொறுக்கும். யாரையும் சீண்டாது. கடைகளில் அதற்கு மதிப்பில்லாமல் போனது வருத்தத்துக்குரியது.

ஃபைட்டரைக் கப்பியோடு விடக் கூடாது. நீண்ட வாலைப் பார்த்ததும் இன்னொரு ஃபைட்டர் என்று பாயும். டைகர் பார்ப் வால்களைக் கடித்துக் கந்தலாக்கும். ஏஞ்சல் மீன், குட்டிகளை விழுங்கும். கோல்டு ஃபிஷ் குளிர்ச்சியும் பெரிய இடமும் கேட்கிற மீன். ‘டேங்க் கிளீனர்’ என்று இரண்டு அங்குலத்தில் விற்கப்படும் சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். அது தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இன்று பெரும் தொல்லையாகிவிட்ட மீனும் அதுவே. பாசி தின்ன மோலியே போதும்.

குட்டி

பெண் கப்பியின் வயிற்றுப் பின்புறம் ஒரு கரும்புள்ளி இருக்கும். சினைப்பட்டால் அது பெரிதாகி இருண்டு வரும். ஏறத்தாழ நான்கு வாரத்தில் வயிறு பக்கவாட்டில் சதுரமாக இறங்கி நிற்கும். அந்த நேரத்தில் பெண் மீன் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, செடிக்கிடையிலோ ஃபில்டருக்குப் பின்னாலோ நின்றுகொள்ளும். குட்டி ஒவ்வொன்றாக, தலையும் வாலும் ஒட்டும்படி சுருண்டபடி வெளியே வரும். வந்த கணத்தில் சுருள் பிரிந்து தொட்டியின் அடிக்கு விழும். ஆறேழு மில்லிமீட்டர் நீளம், உடம்பில் பெரிய பங்கு கண். சற்று நேரம் அடியில் கிடந்து, பிறகு தெத்தித் தெத்தி மேலேறி, நீர்மட்டத்தில் ஒரு வாய் காற்றை விழுங்கும். காற்றுப்பை நிரம்பிய பிறகே அதற்கு நேராக நீந்த வரும். அடியிலிருந்து மேலே வரும் அந்தப் பயணத்தில்தான் பெரும்பாலான குட்டிகள் மற்ற மீன்களுக்கு இரையாகின்றன. பெற்ற தாயும் தின்னும்.

ஒரு ஈற்றுக்கு இருபது முதல் ஐம்பது குட்டிகள் சாதாரணம், பெரிய பெண்கள் நூறுகூடப் போடும். ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தணுவைப் பெண் பல மாதம் உடலில் சேமித்து வைக்கும். எனவே ஆணே இல்லாத தொட்டியில் மாதாமாதம் குட்டி வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. கடையில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்திருந்தால் வாங்கும் பெண் சினையாகவே வரும், தந்தை யார் என்று யாருக்கும் தெரியாது.

குட்டிகளைக் காப்பாற்ற விற்கப்படும் சிறிய பிளாஸ்டிக் பெட்டியில் தாயை நாள்கணக்கில் அடைப்பது தாய்க்குப் பெரிய நெருக்கடி, அதனால் குறைக்குட்டி போடவும் கூடும். தொட்டியின் ஒரு மூலையை ஜாவா மாஸ், வேலம்பாசி, ஹார்ன்வர்ட் என்று அடர்த்தியாக விட்டால் போதும். ஓர் ஈற்றில் பத்தாவது பிழைக்கும், அந்தத் தொட்டிக்கு அதுவே அதிகம். வாய்க்காலிலிருந்தோ கண்மாயிலிருந்தோ பாசி அள்ளி வருபவர்கள் அதை நேரே போடக் கூடாது. அதில் தட்டான் பூச்சியின் புழு ஒன்று ஒளிந்து வந்தாலும் ஒரு வாரத்தில் குட்டிகளைக் காலி செய்துவிடும். தனி வாளியில் சில நாள் வைத்து, அலசிப் பார்த்துப் போட வேண்டும்.

குட்டிக்குத் தூளாக்கிய பெரிய மீன் தீனியே போதும். ஆர்ட்டீமியா பொரித்துக் கொடுத்தால் வளர்ச்சி வேகமாகும். அவித்த முட்டை மஞ்சள் கருவும் கொடுக்கலாம், ஆனால் சிறிது கூடினாலும் தண்ணீர் கெடும். பெரிய மீன்களுக்கு நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் தீர்கிற அளவு. மோலிக்கும் பிளாட்டிக்கும் வெந்நீரில் வாட்டிய கீரை, தோலுரித்த பட்டாணி என்று பச்சையும் வேண்டும். கொசுப்புழுவை எல்லாமே விரும்பித் தின்னும். கொசுவை ஒழிக்கவென்றே கப்பி சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

கூட்டத் தொட்டியில் சில தலைமுறை போனால் நிறம் மங்குகிறது என்ற புகார் எங்கும் உண்டு. கப்பியின் பல நிறங்கள் தந்தையின் ஒய் குரோமோசோம் வழியே மகன்களுக்கு மட்டும் போகின்றன. டென்மார்க்கின் யோகன்னஸ் ஷ்மிட் 1920இல் இதைக் கப்பியில் கண்டறிந்தார். 1922இல் ஒய்விண்ட் விங்கே அதை உறுதி செய்தார். ஒய் குரோமோசோம் வழிப் பரம்பரைக்குக் கிடைத்த முதல் சான்றுகளில் ஒன்று இந்தச் சிறிய மீனிலிருந்தே வந்தது. ஆனால் எல்லா நிறமும் அப்படிப் போவதில்லை. பெண்ணும் நிற மரபணுக்களைச் சுமக்கிறது, வெளியே காட்டுவதுதான் குறைவு. ஆக, ஒரு ரகத்தைக் காப்பாற்ற நினைப்பவர் அந்த ரகத்தின் ஆணையும் பெண்ணையும் தனித் தொட்டியில் வைத்து, குட்டிகளை மூன்று நான்கு வாரத்தில் ஆண், பெண் பிரித்துவிட வேண்டும். பிளாட்டியும் ஸ்வார்ட் டெயிலும் தமக்குள் கலந்து குட்டி போடும், கப்பியும் அதன் நெருங்கிய உறவான எண்ட்லர் மீனும் அப்படியே. கலப்பு வேண்டாம் என்றால் இந்த இணைகள் ஒவ்வொன்றிலும் ஒரு வகையை மட்டும் வைப்பது நல்லது.

இத்தனை வேலையும் வேண்டாம், நிறம் மட்டும் போதும் என்கிற குடும்பத்துக்கு ஆண் கப்பிகள் மட்டுமே உள்ள தொட்டியே மிகச் சரி. இரண்டடித் தொட்டியில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள், கொஞ்சம் பாசி. குட்டியும் இல்லை, கூட்டமும் பெருகாது. முதல் முறை வளர்ப்பவர்கள் இதிலிருந்தே தொடங்குவது நல்லது.

வெயில், கரண்ட், மருந்து

இந்த மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி வசதி. வீரபாண்டித் திருவிழா நடக்கும் சித்திரை மாதத்தில், வெயில் இறங்கும் கான்கிரீட் வீட்டுக்குள் தொட்டி 32 டிகிரியைத் தொடும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும் உயிர்வளி, 32 டிகிரியில் 7.3 அளவுக்குக் குறைந்துவிடும். மீனின் தேவையோ வெப்பத்தில் கூடும். தொட்டியை ஜன்னல் ஓரத்திலிருந்து தள்ளி வைத்து, நீர்மட்டத்தில் ஃபேன் காற்றுப் படும்படி செய்து, தீனியைப் பாதியாக்கினால் சமாளித்துவிடலாம். ஐஸ் கட்டி போடுவது கூடாது, திடீர் மாற்றம் வெயிலைவிடக் கெடுதல். மார்கழி, தை இரவுகளில் மலையடிவார ஊர்களில் தண்ணீர் 22க்குக் கீழே இறங்கும். 50 லிட்டர் தொட்டிக்கு 50 வாட் ஹீட்டர் அந்த இரண்டு மாதத்துக்குப் போதும். வெண்புள்ளி நோய் வருவது பெரும்பாலும் இந்தக் குளிரில்தான்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாளில் காலையில் தீனி போடாமல் விடுவதே முதல் பாதுகாப்பு. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் பேட்டரி ஏர் மோட்டார் ஒன்று இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அரை மணிக்கு ஒருமுறை ஒரு செம்பு தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாலும் உயிர்வளி சேரும்.

திராட்சைத் தோட்டம் உள்ள வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக் கொடிகளுக்கு அடிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், இருக்கிறது. செம்பு மீனுக்குக் கடும் விஷம். மென்னீரில் அதன் வீரியம் இன்னும் கூடுதல். மருந்து கலக்கிய டிரம்மையும் வாளியையும் எத்தனை முறை கழுவினாலும் மீன் தண்ணீருக்கு எடுக்கக் கூடாது. தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை, மருந்தடித்த நாள்களில் தொட்டிக்குக் கொண்டுவரவும் கூடாது. வீட்டுக்குள் அடிக்கும் கொசு ஸ்பிரேயும் லிக்விட் மெஷினும் இதே வகை ஆபத்து. அவற்றிலுள்ள பைரித்ராய்டு மருந்தை ஏர் மோட்டார் காற்றோடு இழுத்துத் தண்ணீரில் கலந்துவிடும். மருந்து அடிக்கும் நேரத்தில் மோட்டாரை நிறுத்தி, தொட்டியை மூடி வைக்க வேண்டும்.

குட்டி போடும் மீன்களுக்கே அதிகம் வரும் இன்னொரு தொல்லை, குதத்திலிருந்து சிவப்பு நூல் போலத் தொங்கும் காமல்லானஸ் புழு. மீன் தின்றும் மெலிந்துகொண்டே போனால் இதைச் சந்தேகிக்கலாம். ஆட்டுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் லெவாமிசோல் இதற்கும் வேலை செய்யும். அளவை விவரம் தெரிந்தவரிடம் கேட்டே போட வேண்டும். புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்திருந்தால் இந்தத் தொல்லை பெரிய தொட்டிக்குள் வராது.

மிஞ்சும் மீன்

மூன்று பெண் கப்பியோடு தொடங்கியவர் வீட்டில் ஆறு மாதத்தில் தொட்டி நிறைந்துவிடும். மிஞ்சியதை என்ன செய்வது என்பதை மீன் வாங்கும் முன்பே யோசித்து வைக்க வேண்டும். கடைகள் நல்ல நிறக் குட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்வது உண்டு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். இதைத் தொழிலாக்க நினைப்பவர்களுக்கு 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுக் கொல்லையில் அலங்கார மீன் வளர்க்கும் அலகுக்கு மானியம் வைக்கப்பட்டது. அலகுச் செலவு 3 லட்சம் ரூபாய், பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். தற்போதைய நிலையை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

செய்யவே கூடாதது, பாவம் என்று நினைத்து ஆற்றில் விடுவது. கப்பி இந்தியாவின் பல நீர்நிலைகளில் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதன் உறவான கம்பூசியா, 1928இல் கொசு ஒழிப்புக்காக இந்தியாவுக்கு வந்த மீன், இன்று உலகின் மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு ஏரியில், உலகில் வேறெங்கும் இல்லாத மீன் இனங்கள், வெளியிலிருந்து வந்த மீன்களால் நெருக்கடியில் இருக்கின்றன. இந்தப் பக்கம் முல்லைப் பெரியாறும், சுருளியாறும், 18ஆம் கால்வாயும், வயல் வாய்க்கால்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சினைப்பட்ட ஒரே ஒரு பெண் கப்பி வாய்க்காலில் விழுந்தாலும் ஒரு கூட்டம் உண்டாகப் போதும். தொட்டித் தண்ணீரை மாற்றும்போதும் அதைச் சாக்கடையில் கொட்டாமல் வலையால் வடிகட்டித் தென்னைக்கோ ரோஜாச் செடிக்கோ ஊற்றுங்கள், நைட்ரேட் செடிக்கு உரம். கலர் மீன் வளர்ப்பவர்கள் ஒரு குட்டியைக்கூட ஆற்றிலோ கண்மாயிலோ விட வேண்டாம்.